தொலைக்காட்சியில் வந்த கடை என்ற பலகையை நம்பி மீன் சாப்பிடச் செல்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கன்னியாகுமரி மாவட்டத்துக்குச் சுற்றுலா வருகிறவர்களும், வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரர்களை அழைத்துக்கொண்டு வெளியே சாப்பிடச் செல்லும் உள்ளூர்க்காரர்களும் தயவுசெய்து இதைப் படியுங்கள். தொலைக்காட்சி உணவு நிகழ்ச்சி ஒன்றில் காட்டப்பட்டுப் பெயர் வாங்கிய ஒரு கடையின் பெயரில் நெடுஞ்சாலையோரம் நடக்கும் உணவகத்தில், மீனின் வகையிலிருந்து வரி வரைக்கும் எங்களை ஏமாற்றினார்கள். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரையும் நிகழ்ச்சியின் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை.

அந்த நிகழ்ச்சி ஒளிபரப்பானபோது எங்கள் பக்கத்தில் பலரும் பெருமையோடு பார்த்தோம். ஓர் உள்ளூர்ச் சந்துக்குள் இருக்கும் சிறிய கடையில், வயதான அம்மா ஒருவர் தேங்காயும் மல்லியும் வற்றல் மிளகாயும் சேர்த்து அம்மியில் அரைத்து, மாங்காய் போட்டு மண்சட்டியில் மீன் கறி வைத்து, அவித்த மரச்சீனிக் கிழங்கோடு (மரவள்ளி) வாழையிலையில் பரிமாறினார். எங்கள் ஊர் அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மரச்சீனிப் பயிரை ஊக்குவித்தார். அரிசி கிடைக்காத பஞ்ச காலங்களில் எங்கள் முன்னோரின் வயிற்றை நிரப்பியது அந்தக் கிழங்கும் சாளை மீன் கறியும்தான். ஏழைகளின் அந்தச் சாப்பாடு மரியாதையோடு திரையில் வந்ததைக் கண்டு மகிழ்ந்த எங்களுக்கு, அதே பெயரைப் போட்டு, நிகழ்ச்சி நடத்துநரின் படத்தை ஆளுயரத்துக்கு அச்சடித்து, நெடுஞ்சாலையில் வைத்திருந்த பிளக்ஸ் பலகை மேல் எந்தச் சந்தேகமும் எழவில்லை.

சென்ற ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த என் தாய்மாமாவையும் அவர் குடும்பத்தையும் அங்கே அழைத்துச் சென்றேன். மாமா இதே மாவட்டத்து இரணியலில் பிறந்து வளர்ந்தவர். வேலைக்காக ஊரை விட்டுப் போனவர். நெய்மீன் (வஞ்சிரம்) பொரிப்பும் மரச்சீனியும் வேண்டும் என்று அவர் ஆசையாகச் சொன்னார். விலைப்பட்டியலில் மீன் சாப்பாடு 200 ரூபாய் என்று இருந்தது. பொரித்த மீனுக்கு நேரே மட்டும் விலை இல்லாமல், அன்றைய விலை என்று எழுதியிருந்தார்கள். என்ன விலை என்று கேட்டதற்கு, பரிமாறிய இளைஞர், "துண்டு வலுப்பத்தப் பொறுத்து சார், பெருசா ஒண்ணும் வராது. குளச்சல்ல விசைப்படகுல காலைல இறங்குன மீனாக்கும்" என்றார்.

இந்த மாவட்டத்தில் இருக்கிறவர்களுக்கு இந்தப் பதிலில் உள்ள பிழை உடனே தெரியும். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் துறைமுகங்களின் விசைப்படகுகள் அந்த 61 நாளும் கடலுக்குப் போகாமல் கட்டிக் கிடக்கும். கிழக்குக் கடற்கரைக்கான தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்பதால் அதற்குள் வரும் சின்னமுட்டத்துத் துறைமுகத்துப் படகுகள் ஜூலையில் கடலுக்குச் செல்லும். வள்ளங்களும் நாட்டுப் படகுகளும் தடைக்காலத்திலும் மீன் பிடிக்கும். ஆகவே ஜூலையில் நல்ல மீன் கிடைக்காது என்று சொல்ல வரவில்லை. சின்னமுட்டத்து மீன் என்றோ, வெளி மாநிலத்திலிருந்து ஐஸ் பெட்டியில் வந்த மீன் என்றோ உண்மையைச் சொல்லியிருந்தால் யாரும் கோபப்பட்டிருக்க மாட்டோம். வெளியூர் வண்டி எண்ணைப் பார்த்து, தடைக்காலம் பற்றி இவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்துப் பேசிய பேச்சு அது.

இலையில் வந்த துண்டுகள் கறுக்கப் பொரிந்து, கனத்த மசாலாவால் மூடப்பட்டிருந்தன. மாமா ஒரு துண்டைப் பிட்டுப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் வைத்துவிட்டார். நெய்மீன் துண்டின் சதை வெளிறி, நடுமுள்ளைச் சுற்றி மென்மையாக அடுக்கடுக்காகப் பிரியும். எங்களுக்கு வந்த துண்டிலோ முள்ளை ஒட்டி, நடுவிலிருந்து ஓரம் வரை கருஞ்சிவப்புச் சதை படர்ந்திருந்தது. மென்றால் சக்கை போலத் திரண்டது. அது சூரை மீன். சூரையில் ஒரு குறையும் இல்லை, எங்கள் வீட்டிலும் சமைக்கிறோம். ஆனால் சந்தையில் அதன் விலை நெய்மீன் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. பொரித்த எண்ணெயும் தேங்காய் எண்ணெய் அல்ல. இங்குள்ளவர்களுக்கு அந்த மணம் மாறினால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியும். பலமுறை காய்ந்த எண்ணெயின் காரல் நாக்கிலேயே தங்கிவிட்டது. செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயில் பொரிப்பது என்று பலகையில் கொட்டை எழுத்தில் இருந்ததையும் நான் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

பிறகு ரசீது என்று ஒரு துண்டுச் சீட்டு வந்தது. பேனாவால் எழுதிய அதில் ஆறு சாப்பாட்டுக்கு 1,200, இரண்டு தட்டு மரச்சீனிக்கு 300, நான்கு துண்டு மீனுக்கு 2,600 ரூபாய், அதாவது துண்டு ஒன்றுக்கு 650 ரூபாய். அதற்கு மேல் சேவைக் கட்டணம் 10 சதவீதம், ஜிஎஸ்டி 5 சதவீதம். மொத்தம் 4,735 ரூபாய். சீட்டில் கடையின் பெயர் இல்லை, வரிசை எண் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை, உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இல்லை.

கல்லாவில் இருந்தவரிடம் அச்சிட்ட ரசீது கேட்டேன். இயந்திரம் பழுது என்றார். மீனைப் பற்றிக் கேட்டபோது, "அண்ணே, இது டிவியில வந்த கடை. ரேட்டு அப்படித்தான் இருக்கும்" என்றார். ஜிஎஸ்டி எண் எங்கே என்று கேட்டதும் குரல் மாறியது. வரியையும் சேவைக் கட்டணத்தையும் அவரே பேனாவால் அடித்துவிட்டு 4,100 கொடுத்தால் போதும் என்றார். உண்மையிலேயே அரசுக்குச் செலுத்தும் வரியாக இருந்தால் ஒரு கேள்விக்குப் பயந்து அதை அடித்திருக்க முடியாது. மாமா என் தோளைத் தொட்டு, "விடு மக்களே, பிள்ளைகள் பயப்படுது" என்றார். பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதற்கு மேல் வாக்குவாதம் செய்ய முடியவில்லை. பணத்தை யுபிஐ வழியாகச் செலுத்தியபோது திரையில் வந்தது கடையின் பெயரல்ல, ஒரு தனிநபரின் பெயர்.

வண்டியை எடுக்கும்போது, அங்கே வேலை செய்கிற ஒருவர் தணிந்த குரலில் சொன்னதுதான் என்னை மிகவும் வருத்தியது. நிகழ்ச்சியில் வந்த அம்மாவுக்கும் இந்தக் கடையின் சமையலுக்கும் தொடர்பே இல்லையாம். பெயரையும் பலகையையும் மட்டும் வாங்கி வேறு ஆட்கள் நடத்துகிறார்களாம். அதை என்னால் சரிபார்க்க முடியவில்லை. ஆனால் அடுத்த வாரம் சந்துக்குள் இருக்கும் பழைய கடைக்குப் போனபோது, அதே அம்மா அதே அடுப்படியில் நின்றிருந்தார். நெய்மீன் இன்று இல்லை, அயிலைதான் இருக்கிறது என்று இலை போடும் முன்பே சொன்னார்கள். எனவே என் கோபம் அந்த அம்மாவின் மேல் இல்லை. அவர் பல ஆண்டு உழைத்துச் சேர்த்த பெயரை ஒரு மூலதனம்போல வாங்கி, வெளியூர்க்காரர்களிடம் காசாக்குகிறார்களே என்பதுதான் பொறுக்கவில்லை.

நிகழ்ச்சிக் குழு வந்து படம் பிடிப்பது ஒரு நாள் சமையலை. ஒளிபரப்புக்குப் பிறகு கூட்டம் பெருகும்போது சமையல்காரர் மாறலாம், மீன் வாங்கும் இடம் மாறலாம், எண்ணெய் மாறலாம், நடத்துகிறவரே மாறலாம். பலகையில் உள்ள படம் மட்டும் மாறாது. ஆகவே பலகையைச் சான்றாக எடுத்துக்கொள்ளாமல், மீன் கேட்கும் முன்பே துண்டின் விலையை ரூபாயில் சொல்லச் சொல்லுங்கள். முடிந்தால் பொரிக்கும் முன் பச்சை மீனைக் காட்டச் சொல்லுங்கள். நேர்மையான கடைகள் மறுப்பதில்லை, தட்டில் எடுத்துவந்து காட்டுகிறார்கள். உணவுப் பாதுகாப்பு உரிம எண் 14 இலக்கம் கொண்டது. அதைக் கடையில் பார்வையில் படும்படி வைக்க வேண்டும், 2022 ஜனவரி முதல் ரசீதிலும் அச்சிட வேண்டும். ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர்கள் அந்தப் பெயரில் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது; விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைத் தாங்களே வரியாகக் கட்டும் தொகுப்புத் திட்டத்தில் (காம்போசிஷன்) இருக்கும் சிறு வணிகர்களும் வரியை வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்கக் கூடாது. சேவைக் கட்டணத்தைத் தானாக ரசீதில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது; 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

ஏமாற்றப்பட்டால் துண்டுச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். சீட்டு, விலைப்பட்டியல், இலையில் வைத்த மீன், பணம் செலுத்திய விவரம் ஆகிய நான்கையும் படம் எடுத்து வைத்துக்கொண்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் அன்றே பதிவு செய்யலாம். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை.

நான் உதவி எண்ணிலும், மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலும் எழுத்து மூலமாகப் புகார் கொடுத்திருக்கிறேன். இரண்டுக்கும் ஒப்புகை வந்துவிட்டது. பழைய கடையில் இருந்த அம்மாவின் மகனிடமும் பலகையின் படத்தைக் காட்டினேன். அவர் அதைத் தன் கைபேசிக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டார். நெடுஞ்சாலைக் கடையில் இதே போன்ற சீட்டு வாங்கியவர்கள் வேறு யாரேனும் இருந்தால், தேதியோடு தனியாக ஒரு புகார் கொடுங்கள். ஒரே கடையின் மேல் பல புகார்கள் சேரும்போது, அது எங்கள் ஒருவருக்கு மட்டும் நேர்ந்த தவறு என்று அவர்கள் சொல்லித் தப்பிக்க முடியாது.