டர்பன் நூலகரின் கப்பல் பட்டியல் வீடியோக்கள்: எதைப் பார்க்கலாம், எதைத் தள்ளலாம்

டர்பனில் இருக்கும் நூலகர் ஒருவர் பழைய பதிவேடுகளையும் பத்திரிகைகளையும் பற்றி யூடியூபில் தமிழில் வீடியோ போட்டு வருகிறார். கொள்ளுத் தாத்தாவின் ஊரைத் தேடும் குடும்பங்கள் அவசியம் பார்க்க வேண்டியவை இவை. ஆவணத்தைக் காட்டிப் பெருமை பேசி முடித்துவிடாமல், அதை நம் கண்ணாலேயே வாசிக்கப் பழக்குகிறார். தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்கு இது பெரிய உதவி.

கப்பல் பட்டியல் வரிசைதான் இதில் மணி. சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களோடு புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று, டர்பன் இருக்கும் நட்டால் கரை சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் 1,52,184 பேர். இவர்களைப் பதிந்த கப்பல் பட்டியலில் கலோனியல் நம்பர் (ஒவ்வொரு தொழிலாளிக்கும் கொடுத்த பதிவு எண்), பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடல் அடையாளம் என்று ஒரு ஆளின் விவரம் ஒரே வரியில் அடங்கிவிடும். தேடுகிறவர்கள் சறுக்குவது குடும்பப் பெயரில். கோவெண்டர், மூட்லி, நாயக்கர் என்று தேடினால் ஆள் கிடைப்பது அரிது. பட்டியலில் இருப்பது முனுசாமி, தகப்பன் பெயர் வீராசாமி, அவ்வளவுதான். கவுண்டர் கோவெண்டராகவும் முதலியார் மூட்லியாகவும் குடும்பப் பெயராய் நிலைத்தது இங்கே வந்த பிறகு. அதனால் தகப்பன் பெயரையும் கிராமத்தையும் சேர்த்துத் தேட வேண்டும் என்பதை இரண்டாவது வீடியோ பொறுமையாக விளக்குகிறது.

கையெழுத்தை வாசிக்கும் பகுதி அருமை. பழுப்பேறிய தாளில் ஒரு வரிக்குக் கீழே வெள்ளை அட்டைத் துண்டை வைத்து, கட்டம் கட்டமாக நகர்த்துகிறார். ஆங்கில 'எஸ்' எழுத்து இரண்டு சேர்ந்து வந்தால் முதலாவதை நீட்டி எழுதுவது அக்கால எழுத்தர்களிடம் இருந்த வழக்கம். சேர்த்துப் பார்த்தால் 'பி' (p) போலவே தெரியும். ரங்கசாமியை இரட்டை எஸ் போட்டு எழுதியிருந்தால், அவசரமாக வாசிக்கிறவர் ரங்கபாமி என்று எடுத்துக்கொள்வார். 'என்'னும் 'யு'வும் ஒன்றுபோலவே கிடக்கும். பெயரைத் தட்டச்சு செய்த கணினிப் பட்டியலில் ஆள் காணாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். இந்தப் பத்து நிமிடத்தை இரண்டு தரம் பாருங்கள்.

படம் பிடிக்கும் முறையிலும் அக்கறை தெரிகிறது. கேமரா தலைக்கு நேர் மேலே நிற்கிறது. தைத்த பதிவேட்டைத் தட்டையாக அமுக்காமல், இரண்டு பக்கமும் ஸ்பாஞ்ச் ஆப்பு கொடுத்துப் பாதி விரித்து வைக்கிறார். முழுக்க விரித்தால் முதுகு விட்டுப் போகும். விளக்கு இரண்டு பக்கமும் 45 டிகிரி சாய்வில். மங்கிய மையைக் காட்டும்போது மட்டும் ஒரு விளக்கை அணைத்து மற்றதைத் தாழ இறக்குகிறார். பேனா அழுத்திய தடம் நிழலாக எழும்பி வருகிறது. கையுறை போடுவதில்லை. அதுதான் சரி. துணியுறைக்குள் விரல் மரத்துப்போய்த் தாளின் ஓரம் கிழியும். கழுவி உலர்த்திய கையே காகிதத்துக்கு நல்லது. புகைப்படங்களைத் தொடும்போது மட்டும் உறை போட்டுக்கொள்கிறார்.

குறைகளும் உண்டு. முதல் நான்கு வீடியோக்களில் கரும்பட்டை கீழிருந்து மேலாக ஓடிக்கொண்டே இருக்கிறது. இந்த நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமராவை நொடிக்கு 30 பிரேமில், ஷட்டர் 1/60 நொடி வைத்து எடுத்தால் சில விளக்குகளின் கீழ் இப்படித்தான் ஆகும். 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் போதும்; பிந்தைய வீடியோக்களில் அதைச் சரிசெய்துவிட்டார். பின்னணி வீணை இசை பேச்சை அமுக்குகிறது. அதைவிடப் பெரிய குறை, பதிவேட்டின் தொகுதி எண்ணும் பக்க எண்ணும் திரையில் வருவதில்லை. அது இல்லாமல் ஆவணக் காப்பகத்தில் போய் எதைக் கேட்பது? தானாக வரும் வசன வரிகளையும் நம்ப வேண்டாம், ஊர்ப் பெயர்களைக் கண்டபடி சிதைக்கின்றன.

காந்தி தென்னாப்பிரிக்காவில் நடத்திய 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகை பற்றிய வீடியோவில் விஷயம் நன்று, காட்சி போதாது. 1903 ஜூன் மாதம் நான்கு மொழிகளில் தொடங்கிய பத்திரிகை. 1906இல் தமிழ்ப் பக்கம் நின்றது. பழைய அச்சில் தும்பிக்கை போட்ட லை, ளை, னை, சுழித்து எழுதும் ணா, றா, னா எல்லாம் இருக்கும். 1978இல் தமிழ்நாட்டு அரசு கொண்டுவந்த சீர்திருத்த எழுத்தில் மட்டும் படித்தவர்கள் இங்கே திணறுவார்கள். ஒவ்வொன்றையும் பெரிதாக்கி, இன்றைய எழுத்தைப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். முழுப் பக்கத்தையும் ஒரே சட்டத்துக்குள் அடைத்துவிட்டதால் போனில் எழுத்து பூச்சியாகத் தெரிகிறது.

இந்த வீடியோக்களை 1080 என்ற படத் தெளிவுக்குக் கீழே பார்ப்பதில் பயனில்லை. 360இல் கையெழுத்து வெறும் கறை. டேட்டா விலையை நினைத்தால், வைஃபை உள்ள இடத்தில் தரவிறக்கி வைத்துக்கொள்வது நல்லது. பார்க்க உட்காரும் முன் வீட்டுப் பெட்டியில் இருக்கும் பழைய கல்யாணப் பதிவு, பிறப்புப் பதிவு, ஒப்பந்தம் முடிந்ததற்கான சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். அவற்றில் எங்காவது கலோனியல் நம்பர் இருந்தால் அதைப் பென்சிலால் தனித்தாளில் குறித்துக்கொண்டு, மூன்றாவது வீடியோவிலிருந்தே தொடங்கலாம்.