வைடெக்ஸ் ஜென்: காது இரைச்சலுக்கு உதவுமா?

அம்மாவுக்கு இரண்டு காதும் மந்தம், கூடவே எந்நேரமும் ‘ஙொய்’ என்று இரைச்சல். வைடெக்ஸ் காதுக் கருவியில் ஜென் என்றொரு வசதி இருக்கிறது, அதற்காகவே வாங்கினோம். சின்னச் சின்ன மணிகள் காற்றில் அசைவதுபோல மெல்லிய இசைத் துணுக்குகள் வரும், அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க முடியாததால் மனசு அதன் பின்னாலேயே ஓடாது, அதுதான் சூட்சுமம்.

ஆனால் பாதி நிம்மதி அந்த இசையால் வந்ததில்லை, வெளிச்சத்தம் சரியாகக் கேட்பதால் வந்தது என்பேன். காதிலிருந்து வரவேண்டிய ஒலி குறையும்போது மூளை தன் வால்யூமைத் தானே கூட்டிக்கொள்கிறது, அதுவே இரைச்சலாகக் கேட்கிறது என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். விற்ற கடையில் இரைச்சலே மூழ்கும் அளவுக்கு இசையை ஏற்றிவைத்துவிட்டார்கள், அம்மாவுக்கு எரிச்சல்தான் மிச்சம். அப்புறம் ஒரு ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறனைச் சோதித்துக் கருவியைச் சரிசெய்து தரும் நிபுணர்), இரைச்சலும் லேசாகக் கேட்கும்படி குறைத்துத் தந்தார், மூளை பழகிக்கொள்ள அப்படித்தான் இருக்க வேண்டுமாம்.

இரைச்சல் போகவில்லை, தொந்தரவு குறைந்திருக்கிறது. விலைதான் கையைக் கடிக்கிறது. தூங்கும்போது கழற்றிவிடுவதால் ராத்திரிக்கு ஃபேன் சத்தமே துணை. ஒரு காது மட்டும் திடீரென்று கேட்காமல் போனால் கருவிக் கடைக்குப் போகாதீர்கள், அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள்.