வாட்டத்தை எதில் எழுதுவது: டிகிரியா, சதவீதமா, விகிதமா?

கட்டட வேலையில் வாட்டத்தை, அதாவது சாய்வைச் சொல்ல இந்த மூன்றும் புழங்குகின்றன. கொத்தனார் கைக்குப் போகும் வரைபடத்தில் விகிதம்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

சதவீதத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. விகிதத்தை நூறால் பெருக்கினால் அதுதான். 1:12, அதாவது 12 பங்கு நீளத்துக்கு 1 பங்கு உயரம், என்பது 8.33%. ஆனால் சதவீதக் குறியை விட்டுவிட்டு வெறும் 5 என்று எழுதினால் ஒருவர் 1:20 என்று எடுப்பார், இன்னொருவர் 1:5 என்று எடுப்பார்.

டிகிரியின் குறை, அது இந்த வேலைக்கு மிகப் பெரிய அலகு. 1 டிகிரி என்றால் மீட்டருக்கு 17.5 மி.மீ. இறக்கம். குளியலறைத் தரைக்கு 1:100 வாட்டம் விட்டால் மீட்டருக்கு 10 மி.மீ.தான், 0.57 டிகிரி. முழு டிகிரி மட்டும் காட்டும் போன் செயலி இங்கே உதவாது. 0.2 டிகிரி முன்பின் காட்டும் டிஜிட்டல் கோணமானிகூட மீட்டருக்கு 3.5 மி.மீ. தப்பும், விட வேண்டிய வாட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு அது. அப்புறம் தண்ணீர் மூலையில் தேங்காமல் என்ன செய்யும்?

விகிதத்துக்குக் கோணமானியே வேண்டாம். 2 மீட்டர் அலுமினிய மட்டக்கோலின் ஒரு முனையில் 20 மி.மீ. கட்டையை அடியில் ஒட்டிக்கொள்ளுங்கள். அந்த முனை வடிகால் பக்கம் இருக்கும்படி டைல்ஸ் மேல் வைத்து, கோலின் மேல் ரசமட்டத்தை வையுங்கள். குமிழி நடுவில் நின்றால் 1:100 சரி. ரசமட்டத்தை முனை மாற்றி வைத்தும் பாருங்கள்; குமிழி நகர்ந்தால் கோளாறு ரசமட்டத்தில். வெளியே 3 மீட்டர் கழிவுநீர்க் குழாயை 1:60-ல் போட 5 செ.மீ. இறக்கம். அதற்குத் தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் போதும், அந்த டியூப்புக்குள் காற்றுக்குமிழி மட்டும் இருக்கக் கூடாது.

சக்கர நாற்காலிச் சாய்தளத்தில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். 45 செ.மீ. உயரத்துக்கு 1:12 என்றால் 5.4 மீட்டர் நீளம். அதையே டிகிரியில் 4.76 என்று எழுதி, யாரோ 5 என்று முழுதாக்கினால் 5.14 மீட்டரில் முடிந்துவிடும். சாய்வு 1:12 என்ற வரம்பைத் தாண்டிவிட்டது. டிகிரியை எக்செல்லில் மாற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கோணத்தைச் சாய்வாக மாற்றும் டேன் (TAN) சார்பு அங்கே டிகிரியில் அல்ல, ரேடியன் என்ற வேறு கோண அலகில் கணக்கிடும், 5 கொடுத்தால் 0.0875 வராது, -3.38 வரும்.

ஓட்டுக் கூரை, சோலார் பேனல் என்று சாய்வு கூடும்போது டிகிரிக்கு வழிவிடலாம். 30 டிகிரியில், ஒரு மீட்டரைக் கிடைமட்டமாக அளந்தால் உயரம் 577 மி.மீ.; சாய்வின் மேலேயே அளந்தால் 500. எதன்மேல் அளப்பது என்று சொல்லாத விகிதம் அங்கே ஆபத்து. கூரையைப் பொறுத்தவரை ஆசாரி எப்படி அளக்கிறார் என்று கேட்டுவிட்டு எழுதுவதே நல்லது. பேனலுக்கு டிகிரியோடு தாங்கும் கால்களின் உயரத்தையும் போட்டுவிடுங்கள்: 2 மீட்டர் பேனல் 13 டிகிரி சாய, பின்கால் முன்காலைவிட 45 செ.மீ. உயரம்.