சுரங்கப் பரிசோதகரை நாமே தெரிவு செய்தால்: உப்புவெளியில் நடந்த பயிற்சி வகுப்பு பற்றி ஒரு மதிப்புரை

சென்ற மாதம் சனியும் ஞாயிறுமாக இரண்டு நாள் திருகோணமலை உப்புவெளியில் நடைபெற்ற கற்குவாரிப் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பில் கலந்துகொண்டேன். கட்டணம் 6,500 ரூபா. மதிய உணவு, இரு வேளைத் தேநீர், அச்சிட்ட கைந்நூல் எல்லாம் அதற்குள் அடக்கம். கந்தளாய்ப் பக்கத்தில் உள்ள குவாரி ஒன்றில் நான் பதினொரு ஆண்டுகளாகப் பதிவேடு எழுதி வருகிறேன். எத்தனை துளை போட்டார்கள், எவ்வளவு வெடிமருந்து இறங்கியது, எத்தனை டிப்பர் கல் வெளியேறியது என்று அன்றன்று குறிப்பதே என் வேலை. இதற்கு முன் நான் போன இரண்டு பயிற்சிகளும் சிங்களத்தில் நடந்தவை. பக்கத்தில் இருந்தவர் மொழிபெயர்த்துச் சொன்னதில் பாதியைத்தான் பிடிக்க முடிந்தது. ஆகவே முழுவதும் தமிழில் நடக்கும் வகுப்பு என்று கேள்விப்பட்டதும் முதலாளியிடம் கேட்காமலே என் சொந்தப் பணத்தைக் கட்டினேன்.

கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், குச்சவெளி என்று பல இடங்களிலிருந்தும் இருபத்திரண்டு பேர் வந்திருந்தோம். துளையிடுபவர்கள், வெடி வைப்பவர்கள், பெக்கோ இயக்குபவர்கள், டிப்பர் உரிமையாளர்கள் இருவர், கனிய அகழ்வில் டிப்ளோமா முடித்த இளம்பெண் ஒருவர். பயிற்றுநர் புல்மோட்டைக் கனியமணல் தொழிலில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்ற பொறியியலாளர். குரலை உயர்த்தாதவர், கேள்வி கேட்டவருடைய பெயரைச் சொல்லியே பதில் தருபவர்.

முதல் நாளைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. தலைக்கவசம், காலணி, கல்தூசி நுரையீரலில் படிந்து வரும் சிலிக்கோசிஸ் நோய், வெடிக்கும் நேரத்தில் எவ்வளவு தூரம் விலகி நிற்பது ஆகியவை ஒழுங்காகச் சொல்லப்பட்டன. ஆனால் தூசிக்கு எதிரான முகமூடி என்று கடதாசி முகமூடியைக் காட்டியது தவறு. அது நுண்ணிய சிலிக்காத் தூசியைத் தடுக்காது என்பதைப் பயிற்றுநரே ஒப்புக்கொண்டார். சரியான முகமூடி ஒன்றையாவது கொண்டுவந்து கையில் கொடுத்திருக்கலாம். கைந்நூலின் தமிழும் திருத்தப்பட வேண்டியது. துளையிடுபவர் ஒருவருக்கும் விளங்காத சொற்கள் அதில் பக்கத்துக்குப் பக்கம் உள்ளன. மாலையில் பத்துக் கேள்விகள் கொண்ட எழுத்துப் பரீட்சை ஒன்று வைத்துத் தாள்களை வாங்கிக்கொண்டார்.

இந்த வகுப்பைப் பற்றி எழுத என்னைத் தூண்டியது இரண்டாம் நாள் முற்பகல். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள் மற்றும் கனியங்கள் சட்டத்தையும், அதன்கீழ் ஏ, பி, சி, டி என்று வகுக்கப்படும் அகழ்வு அனுமதிப்பத்திரங்களையும் பயிற்றுநர் விளக்கிக்கொண்டிருந்தார். அப்போது மூதூரிலிருந்து வந்த, இடக்கை விரல்கள் இரண்டை இழந்த முதிய வெடி வைப்பவர் எழுந்து கேட்டார்: "ஐயா, குவாரி பாக்க வாற ஆள் ஆருக்குப் பதில் சொல்ல வேணும்? முதலாளிக்கா, அரசாங்கத்துக்கா, எங்களுக்கா?"

பயிற்றுநர் பாடத்தை நிறுத்திவிட்டுப் பலகையில் 'அரிசோனா' என்று எழுதினார்.

ஐக்கிய அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களில் அரிசோனா ஒன்றில் மட்டுமே சுரங்கப் பரிசோதகரை மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்கிறார்கள். 1912 பெப்ரவரியில் மாநிலமான அந்த நிலத்தின் பொருளாதாரம் செம்புச் சுரங்கங்களின் மீது நின்றது. அரசியலமைப்பை எழுதியவர்கள் சுரங்கத் தொழிலாளரின் உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் சட்டம் இயற்ற வேண்டும் என்று பத்தொன்பதாம் உறுப்புரையில் விதித்தார்கள். அதே உறுப்புரையில் பரிசோதகர் பதவியையும் உருவாக்கி அதைத் தேர்தலுக்கு விட்டார்கள். ஆளுநர் நியமிக்கும் ஒருவரைச் செம்புக் கம்பனிகள் எளிதில் வளைத்துவிடும். வாக்கினால் வந்தவரை வளைப்பது அத்தனை எளிதல்ல என்பதே அந்த ஏற்பாட்டின் பின்னால் உள்ள நியாயம் என்று பயிற்றுநர் விளக்கினார். முதலில் இரண்டு ஆண்டாக இருந்த பதவிக்காலம் 1992இல் நான்கு ஆண்டாக்கப்பட்டது. நிலக்கரி எடுத்த ஒக்லஹோமாவும் 1907இல் இதே வழியில் தொடங்கியது. அங்குள்ள கிரெப்ஸ் என்ற ஊரில் 1892இல் ஒரே வெடிப்பில் ஏறத்தாழ நூறு பேர் மாண்டிருந்தனர். அங்கு முதலில் தெரிவானவர் பீற்றர் ஹன்ராட்டி என்னும் தொழிற்சங்கத் தலைவர். அவரே நிலக்கரி வெட்டியவர். பிற்காலத்தில் ஒக்லஹோமா அந்தத் தேர்தலைக் கைவிட்டது.

கைவிடப்பட்ட சுரங்கங்களைப் பற்றிய பகுதி என்னை மிகவும் பாதித்தது. அரிசோனாவில் அப்படி ஒரு லட்சம் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். ஆபத்தான குழியை மூடவோ வேலி அடைக்கவோ நிரப்பவோ வேண்டியதும், எச்சரிக்கைப் பலகை நாட்ட வேண்டியதும் உரிமையாளரின் கடமை. அத்தகைய குழிகளைக் கணக்கெடுத்துப் பாதுகாப்பது பரிசோதகர் அலுவலகத்தின் பொறுப்பு. வௌவால்கள் வாழும் சுரங்க வாய்களை அவை பறந்து போகக்கூடிய கம்பிக் கதவுகளால் அடைக்கிறார்கள். இவ்வளவு இருந்தும் 2007இல் குளோரைட் என்ற ஊருக்கு அருகே பழைய குழியொன்றில் சிறு வாகனத்துடன் விழுந்து பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். நம் மாவட்டத்தில் கல் எடுத்து முடிந்த குழிகள் மாரியில் நிரம்பிக் குளம்போலக் கிடப்பதையும், பிள்ளைகள் அங்கே குளிக்கப் போவதையும் அறிந்த எவரும் அந்தச் செய்தியைத் தூர தேசத்துச் செய்தியாகக் கேட்டிருக்க முடியாது. சிறிது நேரம் மண்டபத்தில் ஒருவரும் பேசவில்லை.

பிறகு பயிற்றுநர், "சரி, இப்ப நீங்கள் திருகோணமலை மாவட்டத்துக்கு ஒரு பரிசோதகரைத் தெரிவு செய்யுங்கள்" என்று வெள்ளைத் தாளைச் சீட்டுகளாக வெட்டிக் கொடுத்தார். மாகாண சபைக்கே 2012க்குப் பிறகு வாக்குப் போடக் கிடைக்கவில்லை, இதற்காவது கிடைத்ததே என்று குச்சவெளித் தம்பி ஒருவர் சொன்னதில் உண்மையான ஏக்கம் இருந்தது. மூவர் நின்றார்கள்: டிப்பர் உரிமையாளர் ஒருவர், டிப்ளோமா முடித்த தங்கச்சி, மூதூர் முதியவர். ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம்.

டிப்பர் உரிமையாளர் நன்றாகப் பேசினார். பரிசோதனைக்கு வருமுன் மூன்று நாள் அறிவித்தல் தருவேன், ஒரு நாள் கூலியும் யாருக்கும் முறியாது என்றார். எல்லோரும் கைதட்டினோம், நானும் தட்டினேன். தங்கச்சி படிமுறையாக வெட்டப்பட்ட கல்முகத்தின் உயரம், சரிவு பற்றிக் கணக்கோடு பேசினாள். பின்வரிசையில் இருந்தவர்கள் தங்களுக்குள் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். முதியவர் ஒரு நிமிடமும் பேசவில்லை. "வெடிச்ச இடத்துக்கு முதல் நான் போவன். நான் திரும்பி வந்து சொன்னாப் பிறகுதான் மற்ற ஆக்கள் போகலாம்" என்று சொல்லிவிட்டு அமர்ந்தார்.

டிப்பர் உரிமையாளருக்குப் பதின்மூன்று வாக்கு, முதியவருக்கு ஆறு, தங்கச்சிக்கு மூன்று. நான் போட்டது டிப்பர் உரிமையாளருக்கு. சில ஆண்டுகளுக்கு முன் நடு இரவில் என் தாயாரைத் தன் வாகனத்தில் வைத்தியசாலைக்கு ஏற்றிச் சென்ற மனிதர் அவர். சீட்டை மடிக்கும்போது எனக்கு அது மட்டுமே நினைவில் இருந்தது. வெடிமருந்து நினைவில் இல்லை.

முடிவை அறிவித்த பின் பயிற்றுநர் மூவரிடமும் அனுமதி கேட்டு, முதல் நாள் பரீட்சையின் நான்காம் கேள்விக்கு அவர்கள் எழுதிய விடையை வாசித்தார். ஒரு துளை வெடிக்காமல் எஞ்சிவிட்டால் என்ன செய்வீர்கள் என்பது கேள்வி. வென்றவரின் தாளில் விடை இல்லை. தங்கச்சியின் விடை பெரும்பாலும் சரி. முதியவருடையது முழுமையானது: உடனே கிட்டப் போகக் கூடாது, குறித்த நேரம் காத்திருக்க வேண்டும், மருந்தைக் கிண்டி எடுக்கக் கூடாது, அதே துளையில் மறுபடி துளையிடவே கூடாது, பாதுகாப்பான இடைவெளி விட்டு இணையாக வேறு துளை போட்டு வெடிக்க வேண்டும், நடந்ததைப் பதிவேட்டில் எழுத வேண்டும். பரிசோதனைக்கு முன்னறிவித்தல் கொடுப்பதை அமெரிக்க மத்திய அரசின் 1977ஆம் ஆண்டுச் சுரங்கப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது என்பதையும் பயிற்றுநர் அப்போதுதான் சொன்னார். நாங்கள் கைதட்டி வரவேற்றது அதே முன்னறிவித்தலைத்தான். மறுபடி வாக்கெடுக்கலாமா என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். "அரிசோனாவில் அடுத்த தேர்தல் நாலு வருசத்துக்குப் பிறகு" என்று சொல்லி அவர் மறுத்துவிட்டார்.

இருபது ஆண்டு நினைவில் நிற்கக்கூடிய பாடம் அது. இருந்தாலும் மதிப்புரை எழுதுபவன் என்ற முறையில் அந்தப் பயிற்சியில் இருந்த ஒரு குறையைச் சொல்ல வேண்டும். அரிசோனாவில் யார் வேண்டுமானாலும் அப்பதவிக்கு நிற்க முடியாது. வேட்பாளருக்குச் சுரங்க அனுபவம் இருக்க வேண்டும் என்று சட்டமே கேட்கிறது. அந்த நிபந்தனையை எங்கள் தேர்தலில் வைத்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும். இடைவேளையில் இதை அவரிடம் சொன்னேன். மறுக்காமல் கேட்டுக்கொண்டு, அடுத்த வகுப்பில் இரு முறையிலும் வாக்கெடுத்துக் காட்டுவதாகச் சொன்னார்.

பிற்பகலில் அவர் மறுபக்கத்தையும் மறைக்காமல் வைத்தார். அரிசோனாவில் பரிசோதகர் பதவியில் இருந்த ஜோ ஹார்ட் 2021இல் விலகியதும், அவருடைய இடத்துக்கு போல் மார்ஷ் என்பவரை ஆளுநர் நியமித்தார். 2022 நவம்பர் வாக்குச்சீட்டில் அப்பதவிக்கு அச்சிடப்பட்டிருந்தது அவர் பெயர் ஒன்றுதான். ஒரே பெயருக்கு முன்னால் நிற்கும் வாக்காளர் எதைத் தெரிவு செய்கிறார்? அதோடு, மத்திய அரசின் பரிசோதகர்கள் நிலக்கீழ்ச் சுரங்கங்களை ஆண்டுக்கு நான்கு முறையாவது, திறந்த சுரங்கங்களை இரண்டு முறையாவது பார்க்கச் சட்டப்படி கடமைப்பட்டவர்கள். அவர்களை யாரும் வாக்களித்து அனுப்புவதில்லை. 1917 ஜூலை 12இல் அரிசோனாவின் பிஸ்பீ என்ற செம்புச் சுரங்க ஊரில் வேலைநிறுத்தம் செய்தவர்களையும் அவர்களுக்கு ஆதரவானவர்களையும், ஏறத்தாழ 1,200 பேரை, துப்பாக்கி முனையில் மாடு ஏற்றும் ரயில் பெட்டிகளில் ஏற்றி நியூ மெக்சிக்கோவின் வெம்பாலையில் இறக்கிவிட்டார்கள். அதை முன்னின்று நடத்திய ஷெரீப், அதாவது அப்பகுதிக் காவல் தலைவர், ஹரி வீலர் மக்கள் வாக்கினால் பதவிக்கு வந்தவர். வாக்கு ஒருவரைப் பதவியில் ஏற்றும். கம்பனி அழைக்கும்போது அவர் போகாமல் இருப்பார் என்பதற்கு அது உத்தரவாதம் அல்ல.

என் சொந்த முடிவு இது. முதியவர் கேட்ட கேள்விக்குத் தேர்தல் பாதி விடைதான். தொழில் தெரிந்தவர் என்று பரீட்சையால் உறுதி செய்யப்பட்டவர், குறித்த காலம் முடியும்வரை எவராலும் இடம் மாற்றப்பட முடியாதவர், தம் அறிக்கையை வேலைத்தலத்தில் எல்லோரும் வாசிக்கும்படி ஒட்டுபவர்: இப்படி ஒருவர் நியமனத்தால் வந்தாலும் எனக்குச் சம்மதமே. சென்ற ஆண்டு எங்கள் குவாரியில் அடித்த வெடியில் ஒரு கல் பறந்துபோய் வீடொன்றின் கூரையை உடைத்தது. வீட்டில் அந்நேரம் ஆட்கள் இல்லை. இதை எழுத வேண்டாம் என்று சொன்னார்கள், நான் எழுதவில்லை. என் சம்பளம் எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் என் பேனாவும் பதில் சொன்னது. பரிசோதகர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று அந்த முதியவர் கேட்டபோது என்னால் தலை நிமிர்த்த முடியவில்லை.

வகுப்பைப் பற்றிய மீதியையும் சொல்லிவிடுகிறேன். மண்டபத்தில் காற்றோட்டம் போதாது. தொழுகைக்கு நேரம் ஒதுக்கி, உணவையும் எல்லோரும் உண்ணக்கூடியதாக ஏற்பாடு செய்திருந்தது நல்ல விடயம். பெரிய குறை, இரண்டு நாளிலும் ஒரு கல்முகத்தையாவது நேரில் சென்று பார்க்கவில்லை என்பது. வெடித்துளையைப் பலகையில் வரைந்து காட்டுவதும், அதன் முன்னால் நின்று காட்டுவதும் ஒன்றல்ல. மூன்றாவது நாளொன்றைக் கூட்டி, அதற்கு இன்னும் 2,000 ரூபா கேட்டாலும் நான் கொடுப்பேன். சான்றிதழுக்காக மட்டும் போக நினைப்பவர்களுக்கு இந்தக் கட்டணம் அதிகமாகத் தெரியலாம். குவாரியில் தினமும் கால் வைப்பவர்களுக்கு இது மலிவு.

திங்கட்கிழமை பதிவேட்டில் வெடிக்காத துளைகளுக்கென்று ஒரு நிரலும், பறந்த கற்களுக்கென்று ஒரு நிரலும் புதிதாகக் கோடு போட்டேன். முதலாளி பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வகுப்புக்கு எங்கள் துளையிடுபவர்கள் இருவரை அனுப்பச் சம்மதித்திருக்கிறார். ஒருவருடைய கட்டணத்தை அவர் கொடுக்கிறார், மற்றவருடையதை நான் கட்டிவிட்டேன்.