கமராவா, சென்சரா, கோலமா: கண்காட்சிக்கு எதை எடுப்பது?

கலையும் நிரலும் கலந்த செயற்றிட்டம் என்று முடிவானதும் பிள்ளைகள் முதலில் கேட்பது மென்பொருளைப் பற்றித்தான். உலாவியில் படம் வரைய நிரல் எழுதுகிற பி5 படிக்கவா, சென்சர்களை இணைத்து நிரல் போடுகிற ஆர்டுயினோ என்ற சிறு போர்டை வாங்கவா, பெட்டிகளைக் கோத்துக் காட்சி செய்கிற, யூடியூப்பில் மின்னுகிற டச்டிசைனரா? கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் படிக்கிறவர்களும் சரி, உயர்தரத் தொழினுட்பப் பிரிவுப் பிள்ளைகளும் சரி, இதிலேயே கிழமைகளைக் கரைக்கிறார்கள். என் கணக்கில் இது இரண்டாவது கேள்வி. முன்னால் வந்து நிற்கிற ஆளை உங்கள் படைப்பு எதைக் கொண்டு அறியப்போகிறது என்பதுதான் முதலாவது. பார்த்தா, தூரத்தை அளந்தா, தொடுகையை உணர்ந்தா? அது முடிவானால் மென்பொருள் பின்னாலேயே வரும்.

ஒப்பிட ஒரே கருவை எடுப்போம். திருகோணமலையில் செயற்றிட்டம் என்றால் பாதிப் பேர் கடலை எடுப்பார்கள், மீதிப் பேர் இராவணன் வெட்டை. இரண்டையும் விடுவோம். நகரத்துக்குள்ளும் பிரட்ரிக் கோட்டைக்குள்ளும் திரிகிற புள்ளிமான்களை எடுப்போம். சுவரில் ஒரு மான் நிற்கிறது. மெதுவாகக் கிட்டப் போனால் தலையைத் தூக்கிப் பார்க்கும். விறுக்கென்று போனால் ஓடிவிடும். அசையாமல் நின்றால் தானே கிட்ட வரும். இந்த ஊர்ப் பிள்ளைக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லாத கதை.

முதலில் கமரா வழி. இதற்குப் பி5 தான் இயல்பான துணை. 2001 இல் எம்ஐடி ஊடக ஆய்வுகூடத்தில் கேசி ரியாஸும் பென் ஃப்ரையும் புரொசெசிங் என்ற, ஜாவாவில் ஓடுகிற நிரற்கருவியைத் தொடங்கினார்கள். ஓவியர்களும் வடிவமைப்பாளர்களும் நிரல் எழுதவேண்டும் என்பதே நோக்கம். அதே எண்ணத்தை லோரன் லீ மக்கார்த்தி 2013 இல் ஜாவாஸ்கிரிப்டுக்குக் கொண்டுவந்ததுதான் பி5. எதையும் நிறுவத் தேவையில்லை, உலாவி இருந்தால் போதும். வீட்டில் லப்டொப் இல்லாத பிள்ளை போனிலேயே எழுதிப் பார்க்கலாம். எங்கள் பக்கத்துக்கு இது சின்ன விசயம் இல்லை.

கமரா என்றதும் எல்லோரும், படத்தில் கை, முகம் எங்கே என்று செயற்கை நுண்ணறிவால் கண்டுபிடிக்கிற எம்எல்5 என்ற நிரல் நூலகத்துக்கு ஓடுவார்கள். கையில் 21 புள்ளிகளை அது கண்டுபிடிக்கும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதற்கு வேண்டிய, பயிற்றுவித்த மொடல் கோப்புகள் சாதாரணமாக இணையத்திலிருந்துதான் இறங்குகின்றன. கண்காட்சி மண்டபத்தில் சிக்னல் இல்லாவிட்டால் மானும் இல்லை, கையும் இல்லை. கோப்புகளை முன்கூட்டியே இறக்கி, லப்டொப்பிலேயே ஒரு சிறு சேர்வரை ஓடவிடவேண்டும். வெறுமனே இரண்டு தடவை கிளிக் செய்து திறந்த பக்கத்தில் படமும் ஒலியும் ஏறாமல் உலாவி மறிக்கும் என்பதையும் பலர் கண்காட்சியன்று காலையில்தான் கண்டுபிடிக்கிறார்கள். ஒலி இன்னொரு தலையிடி. ஆள் ஒரு தடவையாவது கிளிக் செய்யாமல் குரோம் சத்தம் போட விடாது. ‘தொடங்கு’ என்று ஒரு பொத்தானை வைத்து, காலையில் நீங்களே அழுத்திவிடுங்கள்.

நம் மானுக்கு 21 புள்ளிகள் தேவையே இல்லை. கமராவின் முந்தைய படத்தையும் இப்போதைய படத்தையும் ஒப்பிட்டு எத்தனை படப்புள்ளி (பிக்சல்) மாறியிருக்கிறது என்று எண்ணினால் போதும். கமராவை 160க்கு 120 என்று சிறிதாக்கினால் மொத்தம் 19,200 புள்ளிகள்தான். பழைய ஐ3 லப்டொப்பும் மூச்சு வாங்காது. மாற்றம் கூடினால் மான் ஓடும், குறைந்தால் நிற்கும். செயற்கை நுண்ணறிவு என்ற சொல்லைச் சுவரொட்டியில் போட முடியாது, அவ்வளவுதான் நட்டம்.

கமராவின் உண்மையான எதிரி வெளிச்சம். எங்கள் பாடசாலை மண்டபங்களில் பலவற்றுக்குப் பாதிச் சுவர்தான், மேலே வெளி. பத்து மணி வெயில் பின்னாலிருந்து அடித்தால் கமராவுக்கு முன்னால் நிற்பவர் கறுப்பு நிழல் ஆகிவிடுவார். மேகம் மறைத்து விலகினால் படம் முழுவதும் மாறும், மான் காரணமில்லாமல் ஓடும். சரி, திரை போட்டு இருட்டாக்கலாம் என்றால் புரொஜெக்டருக்கு நல்லது, கமராவுக்குக் கண் தெரியாது. புரொஜெக்டர் இருட்டைக் கேட்கும், கமரா வெளிச்சத்தைக் கேட்கும். இந்த முரணைத் தீர்க்காமல் கமராவும் புரொஜெக்டரும் சேர்ந்த செயற்றிட்டத்தைத் தொடங்கவே வேண்டாம். பெரிய தொலைக்காட்சி ஒன்று கடனாகக் கிடைத்தால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

எழுத்து வைத்து விளையாட நினைப்பவர்களுக்கு ஒரு விசயம். 1999 இல் கமில் அட்டர்பேக்கும் ரோமி அச்சிடுவும் செய்த ‘டெக்ஸ்ட் ரெய்ன்’ இந்தத் துறையில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற படைப்பு. திரையில் எழுத்துகள் மழையாக விழும், நிற்பவரின் கையிலும் தோளிலும் தங்கும். அதைத் தமிழில் செய்ய ஆசை வருவது இயல்பு. ஆங்கிலத்துக்கு எழுதிய நிரலை அப்படியே போட்டால் கொம்பு ஒரு பக்கம், விசிறி ஒரு பக்கமாக விழும். ‘திருகோணமலை’ நமக்கு ஆறு எழுத்து, கணினிக்குப் பத்துக் குறியீடு. ஜாவாஸ்கிரிப்டில் இண்டில் செக்மென்டர் என்ற வசதி தமிழ் எழுத்துகளை எழுத்தாகவே பிரித்துத் தரும், அதைப் பாவியுங்கள். எழுத்துருவையும் வலைப்பக்க எழுத்துருவாகக் கொடுத்தால் உலாவியே ஒழுங்காகக் கோத்துத் தரும். பி5 இன் வெப்ஜிஎல் என்ற முப்பரிமாண முறைக்குள் போனால் அந்தக் கோர்வை குலைந்துவிடும்.

இந்த ஒரு காரணத்துக்காகவே தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பழைய புரொசெசிங்கை விட பி5 ஐத்தான் சொல்வேன். ஜாவா ஏற்கெனவே நன்றாகத் தெரிந்தவர் என்றால் மட்டும் புரொசெசிங். மற்றபடி அந்தப் போட்டியில் பேச அதிகம் இல்லை.

இனி சென்சர் வழி. 2005 இல் இத்தாலியின் இவ்ரியா நகரத்தில் வடிவமைப்பு மாணவர்களுக்காகவே ஆர்டுயினோ பிறந்தது. அதன் நிரல் எழுதும் சாளரம் புரொசெசிங்கிலிருந்து வந்ததுதான், ஆகவே இரண்டும் ஒரே குடும்பம். மானுக்கு வேண்டியது எச்சி-எஸ்ஆர்04 என்கிற மீயொலிச் சென்சர்: காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, எதிரொலி வர எடுக்கிற நேரத்தால் தூரத்தை அறியும். 2 சென்ரிமீற்றர் தொடக்கம் ஏறக்குறைய 4 மீற்றர் வரை தூரம் அளக்கும். இருட்டில் அளக்கும், முகத்தைப் பார்க்காது, படம் பிடிக்காது. பெண் பிள்ளைகளைக் கமராவுக்கு முன்னால் நிற்க விட விரும்பாத வீடுகள் எல்லாப் பக்கமும் உண்டு, அந்தத் தயக்கமும் இங்கே எழாது.

கிட்ட வருகிற வேகம் நேரடியாகவே கிடைப்பதுதான் இதன் பெரிய வசதி. 60 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை அளந்தால், செக்கனுக்கு ஒரு மீற்றர் நடக்கிற ஆள் இரண்டு அளவுகளுக்கிடையில் 6 சென்ரிமீற்றர் வந்திருப்பார். பாய்ந்து வருகிறவர் அதைப் போல இரண்டு மடங்கு. ஐந்து அளவுகளை எடுத்து, சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கி, நடுவில் உள்ளதை வைத்துக்கொண்டால் இடையில் வருகிற பொய் அளவுகள் அடங்கிவிடும். எதிரொலிக்குக் காத்திருக்கிற பல்ஸ்இன் கட்டளைக்கு 30 மில்லிசெக்கன் எல்லை கொடுக்க மறக்காதீர்கள். எதிரொலி வராவிட்டால் நிரல் அங்கேயே காத்து நிற்கும், மானும் விறைத்து நிற்கும்.

குறைகளும் உண்டு. இது பார்க்கிற கோணம் ஒடுங்கியது. பக்கவாட்டில் நிற்கிறவர் இல்லாதவர் மாதிரி. மெத்தென்ற துணி ஒலியை விழுங்கும், சரிந்த பரப்பு வேறு பக்கம் அனுப்பும். பத்துப் பேர் ஒன்றாக வந்தால் முன்னால் நிற்கிறவரை மட்டும்தான் மான் அறியும். தரையில் ஒரு பாதை கீறி, ஒருவர் ஒருவராக வரச் சொன்னால் தீரும். அந்தக் கட்டுப்பாட்டையே படைப்பின் பகுதியாக்கலாம்: மானிடம் கூட்டமாகப் போவார்களா?

மலிவு என்று பிஐஆர் அசைவுச் சென்சரை வாங்கி வருகிறவர்களுக்கு: அது உடம்பின் வெப்பத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்கிறது. கச்சான் காற்று அடிக்கிற காலத்து மத்தியானத்தில் தகரக் கூரை மண்டபமும் உடம்பும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும். காலையில் வேலை செய்த சென்சர் இரண்டு மணிக்கு ஆளையே கண்டுகொள்ளாமல் இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

இலத்திரனியல் வழியை எடுத்தால் ஊரையும் கணக்கில் எடுக்கவேண்டும். கடற்காற்றில் ஜம்பர் வயர்களின் முனை மங்கும், தொடர்பு விட்டுவிட்டு வரும். பரீட்சித்துப் பார்க்க, வயர்களைச் செருகிக் கழற்றுகிற பிரெட்போட் போதும், மண்டபத்துக்குப் போகிறதைச் சோல்டர் பண்ணியே கொண்டுபோங்கள். எல்இடிப் பட்டி போடுகிறவர்கள், டபிள்யூஎஸ்2812 வகையில் ஒரு விளக்கு முழு வெள்ளையில் 60 மில்லிஅம்பியர் வரை இழுக்கும் என்பதை எழுதி ஒட்டிவையுங்கள். 60 விளக்கென்றால் 3.6 அம்பியர். அதை ஆர்டுயினோவின் 5 வோல்ற் முனையிலிருந்து எடுக்க நினைக்கவே கூடாது. தனி மின்வழங்கி, இரண்டுக்கும் பொதுவான தரை (கிரவுண்ட்) வயர்.

கமராவையும் சென்சரையும் மானுக்கு முன்னால் நிறுத்தினால் என் வாக்கு சென்சருக்கு. தூரத்தை ஆர்டுயினோ அளக்கட்டும், மானைப் பி5 வரையட்டும். இரண்டையும் யூஎஸ்பி வயரால் இணைக்க வெப் சீரியல் என்ற வசதி குரோமிலும் எட்ஜிலும் இருக்கிறது. அது கரைச்சல் என்றால் ஆர்டுயினோ வகைகளில் லியனார்டோ என்ற போர்டை வாங்குங்கள். கணினியின் கண்ணுக்கு அது ஒரு விசைப்பலகை. ஆள் பாய்ந்து வந்தால் ‘ர’ விசையை அழுத்து, நின்றால் ‘ந’ விசையை அழுத்து என்கிற அளவில் பேச்சு முடிந்துவிடும். உள்ளே போவது ஆங்கில விசைகள்தான், எதை எதற்கு வைப்பது உங்கள் விருப்பம். தரம் எட்டுப் பிள்ளையும் இதே வழியால் ஸ்கிரட்சில் மானை ஓட்டலாம். ஊனோ என்ற சாதாரண ஆர்டுயினோவின் பழைய வகைகளால் இது முடியாது, கடையில் கேட்டு வாங்குங்கள்.

டச்டிசைனரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரொறன்ரோவில் உள்ள டெரிவேட்டிவ் நிறுவனத்தின் மென்பொருள், மேடைக் காட்சிகளுக்கும் சுவரில் ஒளி பாய்ச்சுவதற்கும் உலகம் முழுக்கப் பாவிக்கிறார்கள். இலவசப் பதிப்பில் 1280க்கு 1280க்கு மேல் படம் வராது, மாணவர் வேலைக்கு அது தாராளம். தடை வேறு இடத்தில்: நல்ல கிராபிக்ஸ் அட்டை இல்லாத லப்டொப்பில் இது தவழும். இரண்டாவது, மதிப்பிட வருகிறவர் ‘இதில் நீர் எழுதினது எது?’ என்று கேட்டால், பெட்டிகளைக் கோத்தவருக்கு விடை சொல்வது கஷ்டம். உள்ளே பைதன் எழுதலாம், எழுதியிருந்தால் காட்டலாம். விளையாட்டுக்கு வாங்கிய பலமான கணினி குழுவில் ஒருவரிடம் இருந்தால் முயலுங்கள். இல்லாதவர்கள் அதற்காகக் கடன்படத் தேவையில்லை.

தொடுகையைக் கடைசிக்கு வைத்தேன், ஏனென்றால் எனக்குப் பிடித்தது அதுதான். மானுக்கு இது உதவாது, மானைத் தொட விடக்கூடாது. ஆனால் எங்கள் வீட்டுப் பொருள்களோடு இவ்வளவு இயல்பாகச் சேர்கிற வேறு வழி இல்லை. ஆர்டுயினோவைப் போலவே நிரல் போடக்கூடிய இஎஸ்பி32 என்ற சில்லில் தொடுகையை உணரும் முனைகள் 10 உள்ளேயே இருக்கின்றன, தனிச் சென்சர் வேண்டாம். ஒரு வயரை அலுமினியத் தாளில் ஒட்டினால் அந்தத் தாள் முழுவதும் சென்சர். பலகையில் கோலம் போட்டு, புள்ளிகளை மட்டும் தாளால் வெட்டி ஒட்டினால், விரல் போகிற வழிக்கெல்லாம் ஒலியோ ஒளியோ வரும். தொடுகையை விசை அழுத்தமாக மாற்றுகிற மேக்கி மேக்கி என்ற அட்டையாலும் இதைச் செய்யலாம், 2012 இலிருந்து சந்தையில் இருக்கிறது. அதில் பார்வையாளர் ஒரு கையால் தரை வயரைப் பிடித்துக்கொண்டே இருக்கவேண்டும். கண்காட்சிக்கு வருகிற அம்மம்மாவுக்கு அதை விளங்கப்படுத்திக்கொண்டு நிற்க முடியாது. இஎஸ்பி32 தான் தோது.

இன்னொரு கருவும் மனதில் கிடக்கிறது. கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் கொஞ்சம் வேறு. பழந்தமிழ் இசையில் சுரமும் ஏழு: குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். இந்த இசையை ஆராய்ந்து 1947 இல் ‘யாழ் நூல்’ தந்த விபுலாநந்த அடிகள் திருகோணமலை இந்துக் கல்லூரியிலும் பொறுப்பில் இருந்தவர். ஏழு மண்பானையில் தண்ணீர் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு வயரை இறக்கி, ஏழு தொடு முனையில் இணைத்தால், விரல் தண்ணீரில் பட்டதும் அந்தப் பானையின் சுரம் எழும். குரலை இன்றைய எந்தச் சுரமாகக் கொள்வது என்பதில் அறிஞர்களிடையே ஒரே கருத்து இல்லை. அதைச் சங்கீத மிஸ்ஸிடம் விட்டுவிடுங்கள். கிணறுகளின் சூட்டையே உண்மையாக அளந்து இசைக்குள் கொண்டுவர விரும்பினால் டிஎஸ்18பி20 என்ற நீர்புகாச் சென்சர்கள் ஏழையும் ஒரே தரவு வயரில் கோக்கலாம். முழு நுணுக்கத்தில் ஓர் அளவுக்கு 750 மில்லிசெக்கன் எடுக்கும், ஆகவே அது விரலுக்கு விடை சொல்ல உதவாது. முன்கூட்டியே அளந்து வைத்துக்கொள்ள மட்டும் நல்லது. அங்கே கருவி இறக்குவதற்கு முன் அனுமதி எடுங்கள்.

சாதாரண இஎஸ்பி32 இல் தொட்டால் தொடு முனை தருகிற எண் குறையும், இஎஸ்பி32 இன் எஸ்3 என்ற வகையில் கூடும். நண்பனின் நிரலை வாங்கி ஓட்டுகிறவர்கள் இதில்தான் இடறுவார்கள். சின்னப் பிள்ளைகள் தண்ணீரை அளைந்து சிந்தச் சிந்த தொடாத நிலையின் எண்ணே நகரும். சில நிமிடத்துக்கு ஒரு தடவை நிரல் தானே புதிதாக அளந்துகொள்ளட்டும். ஆட்கள் தண்ணீரில் கை வைக்கிற நேரமெல்லாம் லப்டொப் பற்றரியில் ஓடவேண்டும், சார்ஜர் சுவரில் இருக்கக் கூடாது. எண்களைச் சரிபார்ப்பதையும் அதே பற்றரி நிலையில் செய்யுங்கள், சார்ஜர் செருகினால் அவை மாறும். லப்டொப்பைப் பானைகளை விட உயரத்தில் வையுங்கள்.