மலைப்பாதைக்கு ஹெல்மெட் மைக்: வயரா, வயர்லெஸ்ஸா, இன்டர்கொம்மா?

இறம்பொடையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வளைவுகளில் நான் எடுத்த முதல் வீடியோவை நண்பன் ஒருவனுக்கு அனுப்பினேன். ஒரே வரியில் பதில் வந்தது: "மச்சான், நீ பேசுறியா, இல்ல பானைக்குள்ள தலைய விட்டுக்கிட்டு இருக்கியா?" கோபம்தான் வந்தது. ஆனால் ஹெட்போன் போட்டுக் கேட்டால் அவன் சொன்னது அப்படியே உண்மை. கெமரா ஹெல்மெட் தாடைக்கு வெளியே, என் வாய் உள்ளே, நடுவில் ரிஜிபோம் என்ற கெட்டி நுரையும் பிளாஸ்டிக்கும். கெமராவின் சொந்த மைக்குக்கு இஞ்சின் கேட்கும், பஸ் ஹோர்ன் கேட்கும், நான் மட்டும் கேட்க மாட்டேன். ஆகவே கெமரா மைக் என்ற தெரிவை இப்போதே ஒதுக்கிவிடலாம். பைக் சத்தத்தைத் தனியாக எடுக்க மட்டும் அது நல்லது.

இணையத்தில் இருக்கும் மைக் ஒப்பீடுகளில் பெரும்பாலானவை சமவெளி ஹைவேயில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போய், எந்த மைக் காற்றைத் தாங்குகிறது என்று பார்ப்பவை. நமக்கு அந்தக் கணக்கு சரிவராது. ஹட்டன் தலவாக்கலை பாதையில் 40ஐத் தாண்டினால் அதிசயம், முன்னால் விறகு லொறி மாட்டினால் 20. இங்கே எதிரி வேறு: இரண்டாம் கியரில் திணறி ஏறும் இஞ்சின், அப்புறம் மழையும் மூடுபனியும். இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் சமவெளிக்காரர் கொடுக்கும் மதிப்பெண்கள் தலைகீழாகிவிடுகின்றன.

முதலில் எல்லோரும் வாங்குவது சட்டைக் கொலரில் குத்தும் வயர் மைக். போயா பிவை எம்1 ஒரு நல்ல உதாரணம் (போயா என்றதும் சாராயக்கடை பூட்டும் பௌர்ணமி நாள்தான் நமக்கு ஞாபகம் வரும், இது வேறு). விலை குறைவு, குரல் தெளிவு. ஆனால் வயர் 6 மீட்டர் நீளம். ஹெல்மெட்டுக்குத் தேவை ஒரு மீட்டர், மிச்சத்தைச் சுருட்டி ஜெக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டு போக வேண்டும். கெமராவில் போட்டால் எல்ஆர்44 என்ற குட்டி பட்டரி வேண்டும், சுவிட்சை அணைக்க மறந்தால் அடுத்த பயணத்தில் ஊமைப்படம்தான். போனில் போட்டால் பட்டரி தேவையில்லை.

இதைக் கெமராவில் நேராகச் சொருகினால் எல்லாம் ஒரே கோப்பில் வந்துவிடும் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. இங்கேதான் மழை வருகிறது. கோப்ரோ கெமராவின் உடம்பில் 3.5 மில்லிமீட்டர் மைக் துளை கிடையாது, அடப்டரோ மீடியா மொட் என்ற சட்டகமோ போட வேண்டும், அதற்குப் பக்கக் கதவைக் கழற்ற வேண்டும். கதவு போனால் கெமராவின் தண்ணீர்ப் பாதுகாப்பும் போயிற்று. நானுஓயாவில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும், நுவரெலியா டவுனுக்குள் நுழையும்போது தூறல் முகத்தில் அடிக்கும். ஒவ்வொரு தடவையும் ஓரமாக நிறுத்திக் கெமராவைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தால் வீடியோ எங்கே எடுப்பது? மழை இல்லாத ஊர்க்காரருக்கு இது நல்ல வழி. எனக்கு இல்லை.

அதே வயர் மைக்கைப் போனில் போட்டு, போனை ஜெக்கெட் உள்பொக்கெட்டில் வைப்பது அடுத்த வழி. பார்க்க ஏழை வேலை போலத் தெரியும், ஆனால் மலைநாட்டுக்கு இது போல ஒன்று இல்லை. கெமராக் கதவு மூடியே இருக்கும், போன் நனையாது. புறப்படும்போது இரண்டையும் ஓடவிட்டு ஒரு கைதட்டு, வீட்டில் எடிட் பண்ணும்போது அந்தத் தட்டு இரண்டிலும் எங்கே எகிறுகிறது என்று பார்த்து ஒட்டிவிடலாம். இரண்டு கருவிகளின் கடிகாரமும் கொஞ்சம் கொஞ்சமாக விலகும் என்று பயமுறுத்துவார்கள். விலகும்தான். ஆனால் முழுமுக ஹெல்மெட்டுக்குள் உங்கள் உதட்டை யார் பார்க்கிறார்கள்? தேத்தண்ணி குடிக்க நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் புதிதாக ஒரு தட்டுத் தட்டினால் போதும்.

இதில் நான் வாங்கிய அடி ஒன்று உண்டு. புசல்லாவையிலிருந்து லபுக்கலை வரை மூச்சுவிடாமல் பேசிக்கொண்டு வந்தேன், தாத்தா காலத்து லயத்துக் கதை எல்லாம் சொன்னேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பதிவு 6 நிமிடத்தோடு நின்றிருக்கிறது. அம்மா கோல் எடுத்திருக்கிறார், போன் பதிவை நிறுத்திவிட்டு மணியடித்திருக்கிறது, இஞ்சின் சத்தத்தில் எனக்கு அதுவும் கேட்கவில்லை. இப்போது ஏரோப்ளேன் மோடில் போடாமல் ஸ்டார்ட் பண்ணுவதில்லை. ஜிபிஎஸ் அதிலும் வேலை செய்யும், வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்தால் வழியும் தெரியும். அம்மாவிடம் மட்டும் புறப்படும்போது சொல்லிவிட வேண்டும். இன்னொன்று, புதிய போன்களில் பலவற்றுக்கு ஹெட்போன் துளை இல்லை. டைப் சி அடப்டர் வாங்கும்போது மைக்கையும் ஏற்கிறதா என்று கடையிலேயே சொருகிப் பேசிப் பாருங்கள், பாட்டு மட்டும் கேட்கவிடும் அடப்டர்களும் இருக்கின்றன.

வயர்லெஸ்ஸில் ஒரு சோடி மட்டும் எனக்குப் பொறாமை தருகிறது: டிஜேஐ ஓஸ்மோ ஆக்‌ஷன் 5 ப்ரோ கெமராவும் அதே கம்பனியின் மைக்கும். ரிசீவர் (மைக்கின் சிக்னலைப் பிடிக்கும் தனிப் பெட்டி) வேண்டாம், கெமராவே மைக்கை நேராகப் பிடித்துக்கொள்கிறது. கதவு திறக்கத் தேவையில்லை, 20 மீட்டர் ஆழம் வரை தாங்கும் பாதுகாப்பு அப்படியே இருக்கிறது, கைதட்டும் வேண்டாம். ஆக்‌ஷன் 4 வைத்திருப்பவருக்கும் ரிசீவர் இல்லாத இந்த இணைப்பு பொருந்தும். கோப்ரோக்காரர் இதே மைக்கை வாங்கி இதே தெளிவு வேண்டுமென்றால் ரிசீவரைக் கெமராவில் சொருக வேண்டும், பழையபடி கதவுப் பிரச்சினை.

ஆனால் எந்த டிஜேஐ மைக் என்பதில் கவனம் தேவை. மைக் மினி 10 கிராம்தான், பட்டரி 11 மணித்தியாலத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கும், எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். அதில் தனி மைக் சொருகத் துளை இல்லை, ஆகவே அந்தப் பெட்டியே ஹெல்மெட்டுக்குள் இருக்க வேண்டும். கன்னத்துக்கும் பஞ்சுக்கும் நடுவில் கெட்டியான பொருள் வைப்பது எனக்குச் சம்மதமில்லை. விழுந்தால் முதலில் குத்துவது அதுதான். மைக் 2 பெரியது, 28 கிராம், விலையும் கூட, ஆனால் துளை இருக்கிறது: பொத்தான் அளவு வயர் மைக்கை ஹெல்மெட்டுக்குள் விட்டு, பெட்டியை ஜெக்கெட்டில் வைக்கலாம். அதுவே தனக்குள்ளும் 32 பிட் ஃப்ளோட்டில் பதிந்துகொள்ளும். அதாவது திடீரென்று வளைவில் பஸ் வந்து நீங்கள் கத்தினாலும் குரல் கிழியாது, பிறகு எடிட்டில் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளலாம். காசு இருந்தால் இதுதான், கோப்ரோ வைத்திருந்தாலும் இதைத் தனி ரெக்கோர்டராகப் பாவிக்கலாம்.

இன்டர்கொம், அதாவது ஹெல்மெட்டில் பொருத்திப் பேசும் புளூடூத் கருவி, பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பின்னால் இருப்பவரோடும் கூட வரும் பைக்கோடும் பேச அது நல்ல சாமான். கோப்ரோ ஹீரோ 12இலிருந்து புளூடூத் மைக்கைக் கெமராவே ஏற்கிறது, ஆகவே வயரும் இல்லை, கதவும் திறக்க வேண்டாம். ஆனால் புளூடூத்தில் குரல் போவது போன் கோல் போகும் வழியில். 4 ஆயிரம் ஹேர்ட்ஸுக்கு மேலுள்ள கூர்மையான ஒலியை அது வெட்டிவிடும், கொஞ்சம் நல்லதென்றால் 8 ஆயிரம். "ச", "ஸ" எல்லாம் மழுங்கி, வானொலிக்கு யாரோ போனில் பேட்டி கொடுப்பது போல இருக்கும். அதிலுள்ள இரைச்சல் நீக்கும் வசதி இஞ்சின் சத்தத்தையும் சேர்த்துத் துடைத்துவிடுவதால் பைக் ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாது. ஏற்கெனவே வைத்திருந்தால் பாவியுங்கள், வீடியோவுக்காக வாங்காதீர்கள்.

எதை வாங்கினாலும் எங்கே ஒட்டுகிறீர்கள் என்பதில்தான் பாதி இருக்கிறது. வாய்க்கு நேர் எதிரே தாடையில் வைத்தால் ஒவ்வொரு "ப"வும் "அப்புத்தளை", "கம்பளை" என்று சொல்லும்போதெல்லாம் மைக்கில் அடி விழுந்த மாதிரி இடிக்கும். தாடைக் காற்றுத் துவாரம் வேறு நேராக அதன்மேல் ஊதும். துவாரத்தை மூடினால் நுவரெலியாக் குளிருக்குக் கண்ணாடி இரண்டு நிமிடத்தில் வெள்ளை. நான் வாயோரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி, கன்னப் பஞ்சின் முன்விளிம்புக்குள் மைக் தலையைச் செருகி, வயரைப் பஞ்சுக்குப் பின்னால் கழுத்து வரை ஓடவிட்டிருக்கிறேன். ரிஜிபோமை வெட்டக் கூடாது, துணியும் பஞ்சும் போதும். ஹெல்மெட் ஓட்டில் ஒட்டினால் இஞ்சின் அதிர்வு உறுமலாக ஏறும், பஞ்சு அதைக் குடித்துவிடும். மிச்சம் இருப்பதை எடிட்டில் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் சரி. கழுத்துப் பக்கம் கொஞ்சம் தளர்வு விட்டு, இழுத்தால் கழன்றுவிடும் பிளக் ஒன்று வையுங்கள், இல்லாவிட்டால் ஹெல்மெட்டைக் கழற்றும்போது போனும் கூடவே வரும்.

அரைமுக ஹெல்மெட்காரருக்கு இதெல்லாம் பாதிதான் உதவும், அவர்களுக்கு மைக் தலைக்கு மேல் காற்றைத் தடுக்கும் மயிர்த்தொப்பி ஒன்று கட்டாயம், ஸ்பொஞ்ச் மட்டும் காணாது. நான் அக்கா மகளின் பழைய கரடிப்பொம்மைக் காதை வெட்டி, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினேன். பானை என்று எழுதினவன் இப்போது மற்றக் காதைக் கேட்கிறான்.