கழுத்துக் குளிர் வளையம்: ரத்த அழுத்தம் உள்ளவர்கள் வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் மூளைச் சூட்டைத் தணிக்கும் என்று நம்பி வாங்க வேண்டாம்.

நாம் பார்ப்பது கழுத்தில் மாட்டும் 28 டிகிரி வளையம், அதாவது உள்ளே இருப்பது 28 டிகிரி செல்சியஸில் உருகும் வகை. வளைந்த பிளாஸ்டிக் குழாய்க்குள் மெழுகு போன்ற ஒரு பொருள். குளிர்ந்தால் பால் வெள்ளையாக உறையும், உருகினால் தெளிந்த எண்ணெய்போல் ஆகும். ஐஸ் தண்ணீரில் கால் மணி நேரம், இருபது நிமிடம் போட்டால் போதும். குழாயின் நடுவில் தெளிந்த திட்டு தெரிந்தால் இன்னும் முழுதாக உறையவில்லை. நம் சிங்கப்பூர் வெயிலில் ஒரு மணி நேரம் தாங்குவதே பெரிது.

கணக்குப் போட்டால் உண்மை தெரியும். 150 கிராம் மெழுகு உருகும்போது இழுக்கும் வெப்பம் ஏறத்தாழ 30 கிலோஜூல். 60 கிலோ எடையுள்ளவர் வேகமாக நடந்தால் உடலில் வினாடிக்குச் சுமார் 300 ஜூல் உண்டாகிறது. ஆக, வளையத்தின் மொத்தக் குளிர்ச்சியும் இரண்டு நிமிட நடைக்குக்கூடக் காணாது. அதே வேலையை 12 கிராம் வியர்வை ஆவியாகியே செய்துவிடும். அது ஒரு மேசைக்கரண்டிகூட இல்லை.

மூளை உடல் எடையில் 2 விழுக்காடுதான், ஓய்வில் செலவாகும் ஆற்றலில் 20 விழுக்காட்டை அதுவே எடுத்துக்கொள்கிறது. அங்கே பிறக்கும் சூட்டை வெளியே கொண்டுபோவது ரத்தம். அந்த ரத்தம் குளிர்ந்து வர, தோலின் ரத்தக்குழாய்கள் விரிய வேண்டும். உயர் ரத்த அழுத்தத்தில் அவை தாராளமாக விரிவதில்லை. பிறவியிலேயே ரத்த அழுத்தம் ஏறும் எலிகளை (1963இல் கியோட்டோவில் உருவாக்கிய இனம்) ஓடவிட்டால், வால் வழியாகச் சூட்டை வெளியேற்றத் திணறும், உடல் சீக்கிரம் சூடேறும். வாரக்கணக்கில் ஓடப் பழக்கினால் அந்தத் திணறல் குறைகிறது. மனிதர்களுக்கும் தொடர் பயிற்சியில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை முன்னதாகவே சுரக்கும், ரத்தக்குழாய்ச்சுவர் இளகும். உண்மையான குளிரூட்டி அந்தப் பழக்கம்தான்.

வளையத்தின் பெரிய குறை, உடல் சூடேறுவதை உணரவிடாமல் செய்வது. கழுத்து, சூட்டை நன்றாக உணரும் இடம். அதைக் குளிர்வித்து ஓடவிட்ட ஆய்வுகளில் ஆட்கள் கூடுதல் நேரம் ஓடினார்கள், உள்ளுடல் சூடு இன்னும் ஏறிய பிறகே நிறுத்தினார்கள். சுகமாக இருக்கிறதே என்று நடையை நீட்டினால் ஆபத்து. அதனால் நடக்கும்போது போடாமல், முடித்து உட்கார்ந்ததும் போடுங்கள்.

வாங்கும்போது கழுத்துச் சுற்றளவை அளந்து ஒரு விரல் நுழையும் தளர்வு வையுங்கள். குரல்வளைக்கு இருபுறமும் அழுத்தம் உணரும் நரம்புகள் உண்டு. இறுக்கினால் நாடி சட்டெனக் குறைந்து தலை சுற்றலாம், முதியவர்களுக்கு இன்னும் எளிதில். மெழுகு உருகியதும் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் வியர்வை ஆவியாகும் இடத்தை அதுவே மறைக்கும். குழாயின் ஒட்டிய இடத்தில் உருகிய மெழுகு கசிந்தால் தூக்கிப் போடுங்கள். ஃபிரீசரில் வைத்த ஜெல் பை வேண்டவே வேண்டாம், கடுங்குளிர் பட்டதும் ரத்த அழுத்தம் எகிறலாம்.

ஈரத்துண்டு மலிவு. ஆனால் விடியற்காலையில் இங்கே ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும், துண்டு காயவே காயாது. கைவிசிறி அதைவிட மேல்.

வெளியே போகுமுன் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மைஇஎன்வி (myENV) செயலியில் வெப்ப அழுத்த நிலையை (வெயில், ஈரப்பதம், காற்று எல்லாம் சேர்த்த அளவு) பாருங்கள். 33 டிகிரியை எட்டினால் 'அதிகம்', அன்று ஏசி உள்ள உடற்பயிற்சிக்கூடமே சரி. 31க்குக் கீழ் இருந்தால் பூங்கா இணைப்புப் பாதையில் தாராளமாக நடக்கலாம். பீட்டா பிளாக்கர் (நாடித் துடிப்பைக் குறைக்கும் ரத்த அழுத்த மாத்திரை) சாப்பிடுபவர்கள் நாடித் துடிப்பை நம்பாமல், பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். நீர் பிரிக்கும் மாத்திரை என்றால் எவ்வளவு குடிக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நடையைச் சட்டென நிறுத்தினால் ரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரலாம். கடைசி 5 முதல் 10 நிமிடம் மெதுவாக நடந்து, பிறகு புளோக் கீழே நிழலில் உட்கார்ந்து வளையத்தை மாட்டிக்கொள்ளுங்கள்.